எரியோட்டுப் புளியங்கட்டை

வெளிறிய மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலக் கறை தெரிந்ததும், ஆசாரி கடைசல் இயந்திரத்தை நிறுத்தினார்.

இரும்பு உள்ளே இருந்தால்தான் புளிய மரம் அப்படிக் கறுக்கும். இன்னும் சிறிது கடைந்திருந்தால் உளி முறிந்து முகத்தில் தெறித்திருக்கும்.

பழனியில் விடுதி நடத்தும் ஒருவர், வரவேற்பறையில் பழம் அடுக்குவதற்காக இரண்டரை அடி அகலத்தில் மரக்கும்பா ஒன்று கேட்டிருந்தார். அதற்கேற்ற கட்டை ஒரு மாதமாகக் கிடைக்கவில்லை. எரியோட்டுச் சாலையை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டிப் போட்டிருப்பதாக மனைவி முத்துப்பேச்சிதான் சொன்னாள். உடன் வந்து, கிடந்தவற்றுள் இந்தக் கட்டையைக் கைகாட்டியவளும் அவளே.

கறையைச் சுற்றிச் சிற்றுளியால் தோண்டினார். துருவேறிய ஆணித்தலை வெளிப்பட்டது. விரல் பருமன் உள்ள ஆணி.

அதன் கழுத்தில் மயிர் சுற்றியிருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் எரியோட்டுக்குப் போகும் வழியில், பேயோட்டும் கோடாங்கி இப்படித்தான் உச்சிமுடியை ஆணியில் சுற்றிப் புளிய மரத்தில் அறைந்தார். முத்துப்பேச்சியைப் பிடித்திருந்த பேய் அந்த ஆணியோடு மரத்துக்குள் போயிற்று என்றே ஆசாரி நம்பியிருந்தார். மூன்று மாதம் வீட்டில் ஓயாமல் கேட்ட கூச்சல் அன்றோடு நின்றது. அன்று முதல் அவள் வேளை தவறாமல் சமைக்கிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

அந்த அமைதியை இழக்க அவருக்கு மனமில்லை. ஆணியை மீண்டும் உள்ளே இறக்கிவிட வேண்டும்; கட்டையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட வேண்டும்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பியபோது முத்துப்பேச்சி வாசலில் நின்றிருந்தாள். காலை வெயில் அவளுடைய முதுகில் விழுந்தது. முகம் தெரியவில்லை.

"உள்ள வராத பேச்சி. அது திரும்பவும் உன்னையப் பிடிச்சுக்கிரும்."

"என்னைய எதுக்குங்க பிடிக்குது? முடியப் பாருங்க. என் முடி இம்புட்டுத்தானா?"

பார்த்தார். நான்கு விரற்கடைகூட இல்லை.

"அது உங்க முடி. அன்னைக்கு மரத்தடியில உக்கார வச்சது உங்களத்தான். மரம் ஆணிய முழுங்கிருச்சு. அந்த மரம் எப்ப விழும், எப்ப விழும்னு பதினோரு வருசமாக் காத்துக் கெடந்தேன்."

அவர் தடுப்பதற்குள் அவள் பலகைமேல் கிடந்த குறட்டை எடுத்து ஆணியைக் கவ்வினாள். சுற்றிலும் தோண்டியிருந்ததால் அது ஓசையின்றி வந்துவிட்டது. பிறகு இரண்டடி பின்வாங்கி நின்று அவரை ஏறிட்டாள்.

"பேரச் சொல்லு."

அதற்கு முன் அவள் அவரை ஒருமையில் பேசியதே இல்லை.

ஊரார் அனைவருக்கும் அவர் ஆசாரி. பெயர் சொல்லி அழைக்க வேறு உறவுகளும் இல்லை. கணவன் பெயரை மனைவி சொல்லும் வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. ஆயினும், தன் பெயர் தனக்குத் தெரியாதா?

"சோலைமுத்து" என்றார்.

முத்துப்பேச்சி தலையை அசைத்தாள். வெகுநாள் முன்பே அறிந்த பதிலைக் கேட்டவள் போலிருந்தாள்.

"அன்னைக்குக் கோடாங்கி கேட்டப்பவும் இந்தப் பேரத்தான் சொன்ன. குடிகாரப் பய, ஆள மாத்தி அறைஞ்சுட்டுப் போயிட்டான். உன்னைய வெளிய விட்டுட்டு, என் வீட்டுக்காரர உள்ள வச்சுட்டான்."

அவள் கட்டையின்மேல் குனிந்தாள். ஆணி இருந்த துளையருகே வாயைக் கொண்டுபோய், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் கணவன் பெயரைச் சொன்னாள்.

"அய்யனாரு, வந்துருங்க."

ஆசாரியின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. அது தரையில் விழுந்த ஓசை அவருக்குக் கேட்கவில்லை.