நாலு லேனில் மூணு அடைப்பு

"எங்கம்மா மேல சத்தியம்டா மணியா. நான் சொல்றதுல ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் இந்தத் தட்டுல எனக்குச் சோறு கிடைக்காமப் போகட்டும்!"

கோபாலசாமி காலித் தட்டைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ஹில்கிராஃப்ட் தெருவில் இருக்கும் அந்தத் தமிழ் டிபன் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டாக்டரம்மா என் ஹார்ட் படத்தைக் கம்ப்யூட்டர்ல பாத்தாங்க. பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. 'அங்கிள், இது ஹார்ட்டா, இல்ல சாயங்கால நேரத்து ஃபிஃப்டி நைன் ஃப்ரீவேயா?'ன்னு கேட்டாங்க. நாலு லேன்ல மூணு அடைப்பு. ரத்தமெல்லாம் ஹாரன் அடிச்சுட்டு வரிசையா நிக்குது."

"மீதி ஒரு லேன் இருக்குல்ல?" என்றார் மணியன்.

"அதுல ஒரு லாரி பிரேக்டவுன். இப்ப எனக்கு ரத்தம் ஓடறதெல்லாம் ஓரத்து ஃபீடர் ரோட்டுல. பக்கத்து ரூம் டாக்டருங்க எல்லாம் வந்து என்கூட செல்ஃபி எடுத்துக்கிட்டாங்க."

மணியனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோயமுத்தூர் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்து இந்தப் புளுகையெல்லாம் கேட்டு வளர்ந்தவர் அவர். அதன்பிறகு கடல் கடந்து வந்து, மான்மவுத் ஜங்ஷன் என்ற தூரத்து ஊரிலேயே காலம் போய்விட்டது. மகனுக்கு வேலை மாறியதால் போன மாதம்தான் இங்கே பக்கத்திலிருக்கும் சுகர் லேண்டுக்குக் குடி வந்திருந்தார்.

ஆனால் கோபாலசாமியின் மனைவி சாந்தாமணி சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் ட்ரெட்மில் டெஸ்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார்கள். மதியத்துக்குள் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாக டாக்டர் ரோஷினி சொல்லியிருந்தார். ரிப்போர்ட் சரியில்லை என்றால் பைபாஸ்தான்.

"மூணு நெய் ரோஸ்ட், மூணு வடை," என்றார் மணியன், வந்து நின்ற சர்வரிடம்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்கு மட்டும் சொல்லிக்கோங்க," என்று சாந்தாமணி குறுக்கே விழுந்தார். "எங்களுக்கு ரெண்டு தோசை தம்பி. எண்ணெய் வேண்டாம், நெய் வேண்டாம், உப்பு வேண்டாம். சட்னியில தேங்காய் வேண்டாம்."

"அப்ப தட்டு மட்டும் போதுங்களா ஆன்ட்டி?" என்றார் சர்வர்.

மணியன் விழுந்து விழுந்து சிரித்தார். "பத்தியம் அவனுக்குத்தானே தங்கச்சி? நீங்க எதுக்கு வாயைக் கட்டறீங்க?"

"அவர் உப்பில்லாமச் சாப்பிடறப்ப, நான் எதுத்தாப்பல உக்காந்து ஊறுகாய் நக்கறதுங்களா? தினமும் விடிஞ்சதும் ஏரியைச் சுத்தி நடக்கக் கூட்டிட்டுப் போறேன். நான் கூடப் போகலைன்னா மொதல் பெஞ்சுலயே உக்காந்துக்குவார். இன்னைக்கும் பாருங்க, அந்த மெஷினைப் பாத்து ஒரே பயம். சரின்னு துணைக்கு நானும் ஏறி நடந்துட்டு வந்தேன்."

"ட்ரெட்மில்லுக்குத் துணையா!" மணியன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவனுக்கு அடைப்புன்னு டாக்டர் சொன்னப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லீங்ண்ணா. அப்ப எனக்கு உடம்பு முடியாம வீட்டுல படுத்திருந்தேன். இவரே போய்க் கேட்டுட்டு வந்தார்."

"அதானே பாத்தேன்! இவன் காலேஜ்லயே..."

மேசைக்கு அடியில் கோபாலசாமியின் ஷூ மணியனின் காலை நன்றாக மிதித்தது. மணியன் "ஆ!" என்று நிறுத்தினார்.

"மாவுலயே உப்பு இருக்குங்க ஆன்ட்டி," என்று சர்வர் தயங்கினார்.

"அப்ப கோதுமை மாவு இருந்தா உப்பில்லாமக் கரைக்கச் சொல்லு தம்பி. இரு, நானே வந்து பாக்கறேன்," என்று சாந்தாமணி சமையலறைக்குள் நுழைந்துவிட்டார்.

வடை வந்தது. மணியன் ஒன்றை நண்பரின் பக்கம் தள்ளினார். "அவங்க வர்றதுக்குள்ள முழுங்குடா."

அப்போதுதான் போன் அடித்தது. ரோஷினி.

கோபாலசாமி எடுத்தார். ஆயிரம் கதை சொல்கிற வாய், "சொல்லும்மா... சரிம்மா... சரிம்மா..." என்பதோடு நின்றது. போனை வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்களையும் துடைத்துக்கொண்டார்.

சாந்தாமணி மாவுக் கையோடு ஓடி வந்தார். "என்ன சொன்னாங்க?"

"ஆபரேஷன் வேண்டாமாம் சாந்தா. நான் பொழச்சுட்டேன்!"

சாந்தாமணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாள் போகட்டும். அந்த வடையில நீங்க பாதி சாப்பிடுங்க, நான் பாதி."

கோபாலசாமி பாம்பைப் பார்த்தது போல் தட்டை மணியனிடம் தள்ளிவிட்டார். "மூச்! இதே பத்தியம், இதே நடை, ஆயுசுக்கும்னு டாக்டரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க."

"பாத்தீங்களாண்ணா, எவ்வளவு பொறுப்பா மாறிட்டார்!" பூரித்துப்போன சாந்தாமணி, மகள் அஞ்சனாவுக்குச் செய்தி சொல்ல போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மணியன் கிட்டே குனிந்தார். "டேய், வடையை வேண்டாம்னு சொல்ற ஆளா நீ? நிஜமாவே உனக்கு மூணு அடைப்பாடா?"

கோபாலசாமி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனில் சிரித்துக்கொண்டிருந்த மனைவியையே பார்த்தார்.

"அடைப்புன்னு ஸ்டென்ட் வெச்சதே அவளுக்குத்தான்டா, இன்னைக்கு டெஸ்ட்டும் அவளுக்குத்தான்; தனக்காகன்னா வாசல் வரைக்கும் நடக்க மாட்டேன்னுட்டா, எனக்குன்னதும் ஏரியையே சுத்தறா. என் நெஞ்சுல எந்த டாக்டரும் இதுவரைக்கும் ஸ்டெதஸ்கோப்கூட வெச்சதில்ல."