பொங்கல் பருக்கை

நாய் டியூக்கின் பல்லைச் சுத்தம் செய்ய மயக்க ஊசி போடுமுன், டாக்டர் பெண் மறுபடியும் கேட்டாள். "காலையில ஒண்ணும் குடுக்கலையே சார்? மயக்கத்துல வாந்தி எடுத்தா நுரையீரலுக்குள்ள போயிடும்." ஓய்வுபெற்ற இணை ஆணையர் தில்லைநாயகம், "என் வீட்ல ஒழுங்குன்னா ஒழுங்குதாம்மா. பச்சைத் தண்ணி படல," என்றார். அவர் மனைவி மரகதம் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். நல்ல காரியத்துக்குப் போகிறவன் வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று, கிளம்பும்போது கோயில் பொங்கலை உருட்டி நாய்க்கு ஊட்டியவரே அவர்தான். "ஏங்க..." என்று தொடங்கினாள். அவர் திரும்பிப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அவரைத் திருத்தினால் வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்த வாய் தானாக மூடிக்கொண்டது. டியூக் அவள் கையை நக்கிவிட்டு உள்ளே போனது.

டாக்டர் திரும்பி வந்தபோது முகமூடியைக் கழற்றவில்லை. "பல்லெல்லாம் பளிச்சுனு ஆயிடுச்சு சார். ஆனா வாந்தி எடுத்துடுச்சு. காப்பாத்த முடியல. வாந்தியில சோறு இருந்துச்சு."

காத்திருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தில்லைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியை நோக்கி விரலை நீட்டினார். "உண்மையச் சொல்லு. என்னத்தக் குடுத்த?"

நீட்டிய விரலில், மோதிரக் கல்லோரம், ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. மரகதம் வாயைத் திறந்தாள்.