கூண்டருகே ஒரு குரல்

வனவிலங்கு மீட்பு மையத்தில் அந்தக் கூண்டின் அருகே யாரும் வாய் திறப்பதில்லை. அப்படியொரு விதியை எவரும் எழுதி வைக்கவில்லை. அதிலிருந்த, தாயை இழந்த துருப்புள்ளிப் பூனை என்னும் சிறு காட்டுப்பூனை மனிதக் குரலுக்குப் பழகிவிட்டால் காட்டுக்குத் திரும்ப முடியாது என்பதை அறிந்திருந்ததால், வேலியைத் தாண்டியதும் எல்லோரும் ஊமையானார்கள். இரை வைக்கும் செண்பகவல்லி முகத்தையும் துணியால் மூடிக்கொள்வாள். இருந்தும், வளர்ந்த பிறகும் வீட்டுப் பூனையில் பாதியே இருந்த அந்த உயிர் அவளுடைய நடையைக் கண்டுகொண்டது. அவள் வைத்த எலியைக்கூட விட்டுவிட்டு வந்து, கம்பியிடுக்கில் மூக்கை நீட்டி அவள் கால்விரலை முகர்ந்து நக்கியது. முகமும் குரலும் இல்லாத அவளை அது என்னவென்று நினைத்திருக்கும்? நடக்கிற மரமென்றா, பெரிய பூனையென்றா?

அவள் வேலிக்கு வெளியே வந்ததும் மருத்துவர் ஜெபமணி தணிந்த குரலில் சொன்னார்: "நாளைக்கு வனத்துறை அதிகாரிங்க வர்றாங்க. மனுசனப் பாத்து ஓடுனா காட்டுல விடுவாங்க. கிட்ட வந்தா ஆயுசுக்கும் மிருகக்காட்சிசாலைதான்."

"ஓடும் சார்."

"இப்பத்தான் உன் கால நக்குச்சு. நீ அதுக்கு அம்மாவா, பலகாரமா?"

அவள் மறுபடியும் வேலிக்குள்ளே போனாள். பூனை வாலை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தது. செண்பகவல்லி முகத்துணியை அவிழ்த்தாள். முதன்முறையாகத் தெரிந்த அவளுடைய வாயை அந்தப் பெரிய கண்கள் ஆராய்ந்தன. அவள் கம்பியை ஓங்கி அறைந்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"கிட்ட வராத! மனுசிடி நான்! ஓடு!"