துறந்தவர் வீடு

"ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு விளக்கு. இவ்வளவுதான் வெச்சிருந்தார். மிச்சத்தையெல்லாம் துறந்துட்டார்!" மறைந்த ஓவியரின் நினைவில்லத்தில் வழிகாட்டி முழங்கினார்.

கூட்டம் வாயைப் பிளந்தது. வாராவாரம் டிக்கெட் வாங்கி வரும் அந்த அம்மாள் மட்டும் வழக்கம்போல் வெற்று அறையில் கையை வீசி நடந்துகொண்டிருந்தார்.

இப்படியொரு ரசிகையா! வழிகாட்டிக்குப் புல்லரித்தது.

"ஓவியர்மேல அவ்வளவு பக்தியாம்மா?"

"பக்தியா? நான் அவரோட தங்கச்சிப்பா."

"அடடா! அப்ப உங்க வீடும் இப்படித்தான் எளிமையா இருக்கும்?"

"நீ வேற! அண்ணன் துறந்ததையெல்லாம் வண்டி வெச்சு என் வீட்டுலதானே இறக்கினார்? 'பத்திரம், ஒண்ணையும் தூக்கிப் போட்டுடாதே'ன்னு வேற சொன்னார். முப்பது வருஷமா பக்கவாட்டுலதான் நடக்கறேன். அதான், வாரத்துல ஒரு நாளாவது இங்க வந்து நேரா நடந்துட்டுப் போறேன்!"