ஆவுளியாக் கன்று

முதல் அடி அவள் நெஞ்செலும்பில்தான் விழுந்தது.

காதில் இல்லை.

கடலடிப் பாறையில் பாசியைப் பற்றியிருந்த விரல்கள் தாமாக விட்டன. பாறை அசையவில்லை. தண்ணீர் கலங்கவில்லை. ஆனாலும் எல்லாமே ஒரு முறை அதிர்ந்து நின்றது.

மேலே வந்தாள்.

மேலே ஒன்றுமில்லை. வெயில். சின்ன அலை. வத்தைப் படகின் விளிம்பைப் பிடித்தபடி மதினி பஞ்சவர்ணம் மிதந்துகொண்டிருந்தாள். வெகு தொலைவில், வானம் கடலைத் தொடுமிடத்தில், ஒரு வெள்ளைக் கப்பல்.

"கேட்டியா இருளாயி? அடியில யாரோ கதவ இடிக்கிறாப்ல இருக்கு."

கடலடித் தரைக்குக் கீழே எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வந்த கப்பல் அது. ஊருக்குள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். வெடி ஏதும் இல்லை, வெறும் காற்றைத்தான் தண்ணீருக்குள் அடிக்கிறோம், பயப்பட வேண்டாம் என்று.

"இதுவா காத்து?" என்றாள் மதினி.

இருளாயி முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி முங்கினாள்.

கீழே அவளுக்குத் தெரிந்த கடல் இல்லை.

கிளிமீன்கள் மேயவில்லை. பாறை இடுக்குகளில் நெருக்கியடித்து நின்றன, எல்லாம் ஒரே பக்கம் முகம் வைத்து. ஒரு கணவாய் மையைக் கக்கியிருந்தது. தப்பி ஓடாமல் அந்த மைக்குள்ளேயே நின்றது.

அடுத்த அடி. பல் கூசியது.

அது ஓய்ந்ததும் இன்னொரு சத்தம். மெலிதாக. குருவி கீச்சிடுவதுபோல.

திரும்பினாள்.

கடல்தாழைப் புல்வெளியின் மங்கலிலிருந்து அது வந்தது. பழுப்பு நிறம். கொழுத்த உடம்பு. தடித்த உதடு. காதே இல்லாத தலை.

ஆவுளியா. கடல்பசு என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்துவைத்திருப்பார்களே, அது. அதன் கன்று.

செத்து ஒதுங்கிய ஒன்றைக் கரையில் பார்த்திருக்கிறாள். உயிரோடு பார்த்ததில்லை. மனுச வாடை பட்டாலே ஓடிவிடும் என்பார்கள்.

இது அவளை நோக்கி வந்தது.

அடி விழுந்தது. கன்று சுருங்கியது. சுருங்கிய வேகத்தில் அவள் கையைத் தள்ளிக்கொண்டு அக்குளுக்குள் முகத்தைப் புதைத்தது.

அவள் அசையவில்லை. அதன் நடுக்கம் அவள் விலாவில் தெரிந்தது.

மூச்சு முட்டியது. மெல்ல மேலே எழுந்தாள். அதுவும் கூடவே எழுந்தது.

இரண்டு முகமும் ஒன்றாக வெளியே வந்தன. மூக்கு முனையில் இரண்டு துளைகள் திறந்தன. புஸ்ஸென்று ஒரு மூச்சு. மறுபடி மூடிக்கொண்டன.

"ஆத்தாடி," என்றாள் மதினி. பிறகு கேட்டாள், "தாய் எங்கடி?"

இருளாயி முங்கிக் காதுகொடுத்தாள். இருந்தது. எங்கோ, கொஞ்சம் தடித்த குரலில், அதே கீச்சு. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. தண்ணீருக்குள் அவளுக்குச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும்தான் வரும்.

கன்றுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தலையைத் திருப்பியது. புறப்பட்டது.

அடி விழுந்தது. கீச்சு அழிந்தது.

கன்று நின்றது. சுற்றியது. கரைப் பக்கம் திரும்பியது.

அங்கே பாறை மேடு. வற்றம் தொடங்கி நீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் போனால் திரும்ப முடியாது. இருளாயி மேலே வந்து கத்தினாள்.

"மதினி, ஏறிப் பாருங்க!"

மதினி வத்தையில் தாவி ஏறினாள். விளிம்பில் நின்று, கையை நெற்றியில் வைத்துக் கடலைத் துழாவினாள்.

"தெக்க போ! தெக்க மூச்சு விடுது!"

இருளாயி கன்றுக்கு முன்னால் போய், தன் கையை விரித்தாள். அது அக்குளுக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. தெற்கே நீந்தினாள். ஒரு கையால், கால்களை மெல்ல உதைத்து.

அடி விழும்போதெல்லாம் அது நின்றது. அவளும் நின்றாள். மூச்சுக்கு அவள் மேலே போனால் அதுவும் மேலே வந்தது. அதற்கு மூச்சு வேண்டியிருந்தால் அவளும் மேலே போனாள்.

புல்வெளி முடிந்தது. தரை சரிந்து இறங்கியது. நீலம் கறுத்தது.

அந்தக் கறுப்பிலிருந்து தாய் வந்தது.

வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் வர முடியும் என்று அவள் நினைத்ததில்லை. முதுகெல்லாம் பழைய தழும்புகள். விலகத் தோன்றவில்லை. பயமும் வரவில்லை. கும்பிட வேண்டும்போல் இருந்தது. கை விரிந்தபடியே இருந்தது.

அது கையெட்டும் தூரத்தில் நின்றது. மீசைமுடி அடர்ந்த வாயால் கன்றைத் தொட்டது. தலையிலிருந்து வால்வரை தொட்டது.

கன்று அவளை விட்டது.

தாயின் முன்துடுப்புக்கு அடியில் போய், அக்குளில் வாயை வைத்தது. பால் அங்கேதான் இருந்தது.

இருளாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த அடி விழுந்தது அவளுக்குத் தெரியவேயில்லை. மூச்சு தீர்ந்ததுதான் தெரிந்தது.

மேலே வந்து, வத்தைக்கு நீந்திப் போய் ஏறி மல்லாந்து படுத்தாள். பாசிச் சாக்குகள் வெறுமையாகக் கிடந்தன. மதினி சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"சேந்துருச்சா?"

"சேந்துருச்சு மதினி."

மதினி இன்ஜின் கயிற்றைச் சக்கரத்தில் சுற்றினாள். இழுக்கப் போனவள் நின்றாள்.

தெற்கே இரண்டு மூக்குகள் மேலே வந்தன. ஒன்று பெரிது. ஒன்று சிறிது. மூடிக்கொண்டு உள்ளே போயின.

மதினி கயிற்றை விட்டுவிட்டு, துடுப்புகளை எடுத்தாள். ஒன்றை இருளாயியிடம் நீட்டினாள்.

கரை ஒரு கோடாகத் தெரிந்தது. எதிர்க்காற்று.

இருவரும் தண்ணீரை அடிக்காமல், வழித்து வழித்துத் தள்ளினார்கள்.