ஒருவருக்குத்தான் அனுமதி

"ஒருத்தர்தான் உள்ள வரலாம். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம், இன்குபேட்டருக்குள், அவனுடைய மகள் கிடந்தாள். நாள் நிறையாமல் பிறந்தவள். நுரையீரல் இன்னும் தேறவில்லை, இன்றைய பொழுதைத் தாண்டினால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் கைவிரிக்காத குறையாகச் சொல்லியிருந்தார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்காமல் அவசரமாக ஆபரேஷன் செய்யப்பட்ட மனைவி, மேல்மாடியில் மயக்கம் தெளியாமல் இருந்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் சண்டை.

"இதுல முடிவு பண்ண என்ன இருக்கு? எங்க ஃபாதர் போகட்டும்" என்றாள் அவன் அம்மா. "கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. திருமுழுக்கு வாங்காம ஏதாவது ஆயிட்டா நான் எப்படித் தாங்குவேன்?"

"நல்லாயிருக்கே சம்பந்தியம்மா! பெத்தவ எங்க புராட்டஸ்டன்ட் வீட்டுப் பொண்ணு" என்றார் மாமனார். "எங்க பாஸ்டர்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்."

"இப்படி இழுத்துப் பிடிச்சுத்தான் கல்யாணத்தையும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கொண்டுபோய் நிறுத்தினீங்க."

"நானா? எங்க ஆலயத்து வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னது யாரு?"

ஃபாதரும் பாஸ்டரும் தர்மசங்கடத்தோடு சுவரோரம் நின்றார்கள். இருவரும் வந்ததே ஒரே காரில்தான். காலையில் நகர மண்டபத்தில் கிறிஸ்தவர்களின் ஒற்றுமைக்காகக் கூட்டு ஜெபம். மேடையில் அடுத்தடுத்த நாற்காலி. பிரிவினைச் சுவர்களை இடித்துப் போடும் ஆண்டவரே என்று பாஸ்டர் உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது இருவர் பையிலும் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே குழந்தை.

"நீங்க போங்க ஃபாதர்" என்றார் பாஸ்டர்.

"பரவாயில்லை, நீங்களே போங்க."

"பாஸ்டர், நீங்க சும்மா இருங்க. ஒற்றுமையெல்லாம் மேடையோட சரி" என்று மாமனார் பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் வாயை மூடுங்களேன்!"

அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவன் எழுந்துவிட்டான். குரல் உடைந்தது. "உள்ள அவ ஒவ்வொரு மூச்சுக்கும் போராடிட்டிருக்கா. ஆளாளுக்கு உரிமை கொண்டாடுறீங்களே, அவ பிழைக்கணும்னு யாராவது ஒரு வார்த்தை ஜெபம் பண்ணீங்களா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு நர்ஸ் மறுபடி வந்தாள். "எல்லாம் சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடம். எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க?"

ஃபாதர் தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னார்.

"ஞானஸ்நானமா? அது ஆயிடுச்சே!"

ஐவரும் அவளையே பார்த்தார்கள்.

"பிறந்ததும் பிள்ளை அழல. அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சது பிடிச்சதுதான், விடல. 'சிஸ்டர், பிள்ளை தலையில தண்ணி ஊத்துங்க, நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க'ன்னு கெஞ்சிச்சு. ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போறதுக்குள்ள சிரிஞ்சுல தண்ணி எடுத்து மூணு தடவை விட்டேன்."

"என்ன சொல்லி விட்டீங்க?" என்று ஃபாதரும் பாஸ்டரும் நெருங்கி வந்தார்கள்.

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "'தந்தை, குமாரன், தூய ஆவியின் நாமத்தினாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்.'"

"தூய ஆவின்னா எங்க ஜெபம். நீங்க பரிசுத்த ஆவின்னுதானே சொல்வீங்க" என்றாள் அம்மா.

"நாமத்தினாலேன்னா எங்களோடது. நீங்க பெயராலேன்னுதானே சொல்வீங்க" என்றார் மாமனார்.

அவனுக்குப் புரிந்தது. பிறந்த வீட்டு ஜெபத்தையும் புகுந்த வீட்டு ஜெபத்தையும் மாறி மாறிச் சொல்லி, இரண்டும் அவன் மனைவிக்குள் கலந்துபோயிருந்தன.

"தண்ணி இருக்கு, மூவரோட பெயரும் இருக்கு" என்றார் ஃபாதர். "ஆபத்து நேரத்துல குருவானவர்தான் கொடுக்கணும்னு இல்லை. கொடுத்தா கொடுத்ததுதான்."

"எங்க சபையிலயும் மறுபடி கொடுக்கிற வழக்கம் இல்லை" என்றார் பாஸ்டர். இருவர் முகத்திலும் பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது.

"சரி, பிள்ளையோட அப்பா யாரு?" என்றாள் நர்ஸ்.

அவன் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினான்.

"அட, இவ்வளவு நேரம் சும்மாவா நின்னீங்க? முதல்ல நீங்க வாங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க. இப்பதான் மூச்சு கொஞ்சம் சீராகுது, போய்ப் பக்கத்துல நில்லுங்க."

அவன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தான். முதுகுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"அப்போ பிள்ளை எந்தச் சபை?"

"இதுல என்ன சந்தேகம்? கொடுத்தவங்க எந்தச் சபையோ அந்தச் சபை."

முதன்முறையாகச் சம்பந்திகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

"சிஸ்டர், நீ எந்தப் பங்குக் கோயில்மா? உன் முகத்தைப் பார்த்தாலே எங்க ஆளுன்னு தெரியுது" என்றாள் அம்மா.

"இல்லவே இல்லை. ஒரு தடவை கேட்டதை இப்படி மறக்காம சொல்லுதுன்னா, எங்க ஞாயிறு பள்ளியில மனப்பாட வசனம் படிச்ச பொண்ணாத்தான் இருக்கும்" என்றார் மாமனார்.

நர்ஸ் முகக்கவசத்தை இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் கிறிஸ்தவளே இல்லீங்கம்மா. பெத்தவ கேட்டா, மனசு கேக்கல, செஞ்சேன்."

ஈரக் கையோடு அவன் பதறித் திரும்பினான். எல்லார் கண்களும் குருமார் இருவர் பக்கம் போயின.

"செல்லும்" என்றார்கள் ஃபாதரும் பாஸ்டரும், ஒரே குரலில்.