பேச்சுக்கே இடமில்லை

"பேச்சுவார்த்தை கிடையாது" என்று சொல்லி போனை வைத்தார் இன்ஸ்பெக்டர் ஜெயசிங். வட்டக்கோட்டைக்குள் நான்கு சுற்றுலாப் பயணிகளைப் பிடித்து வைத்திருக்கும் இரண்டு தீவிரவாதிகள், சிறையில் இருக்கும் தங்கள் தலைவனை விடச் சொல்கிறார்களாம். ஜெயசிங் ஒரு கொட்டாவி விட்டார்.

பின்னே, வருடா வருடம் நடக்கிற கூத்துதானே. கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை என்று சென்னையிலிருந்து கமாண்டோக்கள் கைலி கட்டிக்கொண்டு, பொம்மைத் துப்பாக்கியோடு படகில் வந்து இறங்குவார்கள். பணயக்கைதியாக நடிக்கவும் நாலு பேரை ஏற்பாடு செய்திருப்பார்கள். உள்ளூர் போலீஸ் மீட்க வேண்டும்.

போன வருடம் ஜெயசிங் பொறுமையாகப் பேசித்தான் பார்த்தார். பேசி முடிப்பதற்குள் பணயக்கைதிகள் எல்லாரும் செத்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். மாவட்ட அதிகாரிகள் அத்தனை பேர் முன்னாலும் எஸ்.பி. அவரை வறுத்தெடுத்தார். இந்த முறையும் கோட்டை விட்டால் மாற்றல் நிச்சயம்.

ஏட்டு இசக்கிக்கு மனசு கேட்கவில்லை. "ஒத்திகைன்னாலும் ஒரு முறை உண்டுல்லா சார். பேசி நேரத்த இழுப்போம். நாலு உயிரு பாத்துக்கிடுங்க."

"இன்னைக்கு ஒருத்தன விட்டா நாளைக்குப் பத்து பேரு வருவான் இசக்கி. பேசப்பிடாது. உள்ள போயி அமுக்கணும்."

லத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கோட்டைக்குள் நடந்தார். வேறு வழியில்லாமல் இசக்கியும் பின்னால் ஓடினார்.

மதில் மேல் நின்ற தாடிக்காரன் துப்பாக்கியை நீட்டினான். அவன் கை நடுங்கியது. நடிக்கக்கூடத் தெரியாத ஆளை அனுப்பியிருக்கிறார்களே என்று ஜெயசிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுடுலே, பாப்போம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே போனார். அவன் டிரிக்கரை அழுத்தினான். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜெயசிங் விட்ட அறையில் துப்பாக்கி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இதைப் பார்த்த கூட்டாளி வெலவெலத்துப்போய் கையைத் தூக்கிவிட்டான்.

பணயக்கைதிகளில் ஒரு பெண் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். "போதும் மக்கா, நல்லா நடிச்சே. எழும்பு" என்றார் ஜெயசிங்.

விலங்கு மாட்டி இருவரையும் வாசலுக்குக் கூட்டிவந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. எஸ்.பி.யின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

அப்போது கடற்கரைப் பக்கமிருந்து நனைந்த கைலியோடு நான்கு பேர் மூச்சிரைக்க ஓடிவந்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள்.

"சாரி சார், படகு இன்ஜின் மக்கர் பண்ணிடுச்சு. இந்த வருஷம் நாங்கதான் தீவிரவாதிங்க."